பச்சை குத்தும் முன்...

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. மருத்துவப் பயிற்சி இல்லாமல் நாக்கைப் பிளந்துவிட்ட புகாரில் உரிமையாளர் உட்பட இருவர் கைதானார்கள். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டுக்கல்காரர்களும் கடை ஏறும் முன் கவனிக்க வேண்டியவை:

● படம்: குத்திய அன்று எல்லா டாட்டூவும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆறு மாதம் ஆறிய பின் எடுத்த படத்தைக் கேளுங்கள். கோடு கசிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

● ஊசி: உறையைக் கண்முன்னே பிரிக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். மையைச் சின்னக் குப்பியில் ஊற்றித் தொட வேண்டும். மீந்ததைப் பாட்டிலில் திருப்பி ஊற்றினால் எழுந்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி பரவ இந்த அலட்சியம் போதும்.

● எழுத்து: ஒற்று, கால், கொம்பு சரியா? தோலில் ஸ்டென்சில் ஒட்டியதும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

● வேலை: ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறவர்கள் கவனம். முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் தேர்வாக முடியாது. பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

● ரத்ததானம்: குத்திய நாளிலிருந்து 12 மாதம் கொடுக்கக் கூடாது.

புண் ஆறும் இரண்டு, மூன்று வாரம் கிணற்றுக் குளியல் வேண்டாம். பொருக்கை நகத்தால் பிய்த்தால் நிறமும் சேர்ந்தே வந்துவிடும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ கடைக்காரரை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.