குறியாக்கப் பேரேடும் அரசுப் பதிவுகளும்

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒருவருக்குச் சிறு மனை ஒன்று உள்ளதாகக் கொள்வோம். அவருடைய உரிமை அரசுக் கணினியின் தரவுத்தளத்தில் ஒரு வரியாகப் பதிந்துள்ளது. தரவுத்தளத்தை இயக்கும் ஒருவர் அவ்வரியைத் தடயமின்றி மாற்றிவிடின், உரியவர் எதனைக் கொண்டு தம் வழக்கை நிலைநாட்டுவார்?

இக்குறையைப் போக்க உதவுவது குறியாக்கப் பேரேடு ஆகும். ஒவ்வொரு பதிவிலிருந்தும் கணித முறையில் ஒரு சுருக்கக் குறி பெறப்படுகிறது. எஸ்.எச்.ஏ.-256 முறையில், பதிவு எத்துணை நீண்டதாயினும் குறி 64 எழுத்துகளில் அடங்கும். பதிவில் ஓர் எழுத்து மாறினும் குறி முற்றிலும் மாறிவிடும். முந்தைய குறியையும் சேர்த்தே அடுத்த குறி கணிக்கப்படுவதால், பழைய பதிவொன்றைத் திருத்துபவர் பின்வரும் குறிகள் அனைத்தையும் திருத்தியாக வேண்டும். இறுதிக் குறியின் படி பிறரிடம் இருப்பின், ஒப்பிட்ட அளவிலேயே மோசடி புலப்படும்.

ஹேபர், ஸ்டோர்னெட்டா என்னும் அறிஞர்கள் 1991இல் இக்கருத்தை வெளியிட்டனர். 1995 முதல் இத்தகைய குறிகள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் அச்சிடப்பட்டன. எஸ்டோனியா 2012 முதல் அரசுப் பதிவேடுகளில் இம்முறையைக் கையாண்டு வருகிறது. தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. திருவனந்தபுரத்தில் கேரள பிளாக்செயின் அகாடமி இத்துறையில் பயிற்சி அளிக்கிறது.

எனினும், இப்பேரேடு மாற்றத்தைக் காட்டிக்கொடுக்குமேயன்றி, முதலிலேயே பொய்யாக எழுதப்பட்டதை மெய்யாக்காது. குறியைத் தரவுத்தளத்திற்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் காப்பதும், பதியுமுன் உண்மையை நேரில் ஆராய்வதும் அலுவலர்தம் கடமைகளாகும்.