கெல்லி கோட்டை ஆக்னஸுக்காகவா கட்டப்பட்டது?

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில், ராயா ஆற்றையொட்டிய மேட்டில் பாதியில் நின்றுபோன மாளிகை ஒன்று இருக்கிறது; அதுதான் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், ஊர் ஏக்கத்தில் வாடிய மனைவி ஆக்னஸுக்காக எழுப்பிய காதல் சின்னம் என்று பலரும் அதைச் சொல்வார்கள். பேராக்கின் தாஜ்மகால் என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு.

வருடங்களை வரிசையாக வைத்தாலே இந்தக் கதை ஆட்டம் கண்டுவிடுகிறது. ஸ்மித் 1890-ல், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். ஆல்மா பேக்கர் என்பவரோடு காட்டு நிலம் அளந்து சம்பாதித்த பணத்தில் கிந்தா மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி, ‘கிந்தா கெல்லாஸ்’ தோட்டத்தை உண்டாக்கினார். ஆக்னஸை மணந்தது 1903-ல். மகள் ஹெலன் அடுத்த ஆண்டே பிறந்தாள். 1910 வாக்கில் முதல் பங்களா எழும்பியது. பெரிய மாளிகையைத் தொடங்கியதோ மகன் ஆந்தனி பிறந்த 1915-ல், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து. மின்தூக்கிக்கு இடம்விட்ட ஆறு மாடிக் கோபுரம், நிலத்தடி மது அறை, விருந்துக்கு மொட்டைமாடி என்று அதன் அமைப்பைப் பார்த்தால், ரப்பரிலும் ஈயத்திலும் செழித்த ஒருவர் தன் செல்வாக்கைக் காட்டவும் வாரிசுக்கு விட்டுப்போகவும் கட்டிய வீடாகத்தான் எனக்குப் படுகிறது.

தாஜ்மகால் ஒப்பீடும் நிற்காது. மும்தாஜ் இறந்த பிறகு ஷாஜகான் அதைக் கட்டினார். இங்கே முதலில் போனவர் ஸ்மித். 1926 டிசம்பரில், லிஸ்பனில், நிமோனியா கண்டு இறந்தார். வேலை அதோடு நின்றது. ஆக்னஸ் பேராக்கில் குடியிருக்கத் திரும்பவில்லை. தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்கப்பட்டன. கதையில் வாடி நிற்கும் ஆக்னஸைவிட, இரண்டு பிள்ளைகளோடு கணவனின் சொத்து விவகாரத்தை முடித்துக் கொடுத்த இந்த விதவையே எனக்கு உண்மையான மனுஷியாகத் தெரிகிறார்.

கோட்டைக்கு அருகே உள்ள மாரியம்மன் கோயிலைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு. தோட்டத் தொழிலாளர் கேட்டுக்கொண்டபடி துரை ஸ்மித் கோயில் கட்டிக்கொடுத்ததும் கொள்ளைநோய் ஓடிவிட்டது என்பார்கள். தொப்பியும் கோட்டும் போட்ட வெள்ளைக்காரச் சிலை அந்தக் கோயிலின் கூரைமேல் இன்றும் நிற்கிறது. வந்த நோய் 1918-ன் ஸ்பானிஷ் காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அலை அலையாக உலகைச் சுற்றி, தானாகவே தணிந்தது. நெருக்கியடித்த தொழிலாளர் லயங்களில் அது பரவுவதற்குத் தடையே இல்லை. அம்மனை வேண்டியவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நாளுக்கொரு சாவு விழுகிற இடத்தில் அவர்கள் வேறு யாரிடம் போவார்கள்? நன்றி முழுவதும் துரைக்கே போய்ச் சேர்ந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏனென்றால் அந்த மாளிகைக்கான பணம் தோட்டத்திலிருந்தும் வந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்துவந்த குடும்பங்கள் அங்கே உழைத்தன. பெண்கள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றார்கள். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டி, வாளி வாளியாகச் சுமந்தார்கள். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றுக்கு அரசு நிர்ணயித்த நாள்கூலியே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு பெண்ணின் பெயரால் அந்தக் கோட்டையைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், உரிமை இவர்களுக்குத்தான் முதலில்.

உங்கள் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ கிந்தா கெல்லாஸிலோ அக்கம்பக்கத் தோட்டங்களிலோ மரம் வெட்டியவரா? அவருடைய பெயர், வந்த ஊர், கங்காணியின் பெயர், குடியிருந்த லயம் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். அடுத்த முறை பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போகும்போது, ஆக்னஸ் கதையோடு அந்தப் பெயரையும் சொல்லுங்கள்.