நவோதயாவுக்குப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

உனக்கு நவோதயா வித்யாலயாவில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, போஸ்டிங் கர்நாடகத்தில் என்று உன் அப்பா போனில் சொன்னான். மனசு நிறைந்துபோயிற்று. கூடவே, "கவர்மென்ட் வேலை, குவார்ட்டர்ஸ் வேறு தருகிறார்கள், இனி அவளுக்கு என்ன கவலை?" என்றும் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம். பணிக்காலம் முழுவதையும் அந்தப் பள்ளிகளிலேயே கழித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் நவோதயா தொடங்கப்படாததால் நம் உறவுக்காரர்கள் யாருக்கும் அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியாது. புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். 1986 கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த உறைவிடப் பள்ளிகள் அவை. நுழைவுத் தேர்வு வைத்து ஆறாம் வகுப்புக்கு 80 பிள்ளைகள் வரை எடுப்பார்கள். அதில் 75 சதவீத இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். பத்துப் பதினோரு வயதில், அதுவரை அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கும். அந்தப் பெட்டியின் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு, குளிக்கும்போதும் கழற்றாது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஏழு வருடம் நீயும் உன்னைப் போன்றவர்களும்தான் வீடு.

பாடம் நடத்துவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் வேலையில் பாதி, வகுப்பு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு ஹவுஸ். அதில் ஒன்றின் பொறுப்பு உனக்கு வரும். காலை பி.டி., மெஸ், மாலை விளையாட்டு, இரவு ஸ்டடி, ரோல் கால். உன் டியூட்டி நாளில் இத்தனைக்கும் நீ நிற்க வேண்டும். நிற்பது மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். ரோல் காலில் "பிரசென்ட்" சொல்கிற குரலைக் கேள். மெஸ்ஸில் தட்டைப் பார். இரண்டு நாளாகச் சாப்பிடாத பிள்ளை அழுதுகொண்டு உன்னிடம் வராது; கூட்டத்தோடு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடும்.

ஒன்று சொல்கிறேன், இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். புதுப் பிள்ளைகள் சேர்ந்த முதல் மாதங்களில், விடிவதற்கு முன்பே குழாயடியில் போர்வை அலசுகிற ஒரு பிள்ளையை நீ பார்ப்பாய். படுக்கை நனைந்திருக்கும். யாரும் எழுவதற்குள் அலசிக் காயப்போட்டுவிட வேண்டும் என்று குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும். அப்போது என்ன ஏது என்று கேட்காதே. மேட்ரனிடம் சொல்லி, உலர்ந்த விரிப்பு ஒன்றை அதன் கட்டிலில் போட வை. அலமாரியில் இன்னும் இரண்டு எப்போதும் இருக்கட்டும். அடிக்கடி நேர்ந்தால் ஸ்டாஃப் நர்ஸிடம் தனியாகப் பேசு. மற்ற பிள்ளைகள் காதில் ஒரு வார்த்தை விழக் கூடாது.

2013 முதல் 2017 வரை ஐந்து வருடத்தில் 49 நவோதயா பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று 2018 கடைசியில் பத்திரிகையில் வந்தது. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் தெரியாமல் நீ அங்கே போகக் கூடாது. பிள்ளை சோர்ந்து இருந்தால் "படிப்பில் கவனம் வை, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடாதே. உட்கார வைத்துக் கேள், பெற்றோரைக் கூப்பிடு, ஆலோசகரிடம் அழைத்துப் போ. "மிஸ், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்" என்று ஒரு பெண் வந்தால், அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதே. பாலியல் தொல்லை என்றால் புகார் செய்வது 2012 போக்சோ சட்டப்படி உன் கடமை. "உனக்கு உதவ யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், உன் கூடவே இருப்பேன்" என்று சொல்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஆசிரியர்களை நீ அங்கே பார்ப்பாய். அது வசதிதான், ஆனால் தப்பு. ஹவுஸ் கேப்டனாக இருக்கும் பிள்ளைக்கு வேலை கொடு, தண்டிக்கிற அதிகாரத்தைக் கொடுக்காதே. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கே தராத அதிகாரம் அது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பங்குப் பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு இந்தி பேசும் மாநிலத்துப் பள்ளிக்குப் போவார்கள், அங்கிருந்து சிலர் உன் பள்ளிக்கு வருவார்கள். வருகிறவர்களுக்கு மூன்று வேளையும் சோறு இறங்காது. மெஸ் கமிட்டியில் பேசி, வாரத்தில் சில நாளாவது இரவில் சப்பாத்தி போட வை. பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், யாரும் வராத பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போ.

சக ஆசிரியர்களோடு பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் வாழ வேண்டும். ஸ்டாஃப் ரூம் சண்டையை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுவராதே. அவ்வளவுதான்.

இனி உன்னைப் பற்றி. இந்த வேலையில் சிலர் சீக்கிரமே கசந்துபோகிறார்கள். சோம்பேறிகள் இல்லை அவர்கள். முதல் சில வருடம் இரவு பகல் பார்க்காமல் ஓடியவர்கள். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாமாக இருக்க முயன்று, கடைசியில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் எரிந்து விழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். டியூட்டி இல்லாத மாலையில் கதவைச் சாத்திக்கொள். உனக்குப் பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடு, புத்தகம் படி, கன்னடம் கற்றுக்கொள். லீவில் அம்மாவிடம் வந்து இரு. நாளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கும் உன் நேரத்தில் பங்கு உண்டு. வளாகத்திலேயே வளரும் ஆசிரியர் பிள்ளைகள்தான் பல நேரம் அம்மாவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேருகிறவள் என்பதால் எந்த ஹவுஸ் வேண்டும் என்று உன்னை யாரும் கேட்காமல் இருக்கலாம். நீயே பிரின்சிபாலிடம் போய், ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருக்கும் ஜூனியர் விடுதியைக் கேட்டு வாங்கிக்கொள்.

உன் அத்தை