சுவிஸ் மலைப்பாதையில் கால் பிசகினால்

சுவிட்சர்லாந்துக்கு முதன்முறை போகும் பிள்ளைகள் என்னிடம் எந்த ரயில், எந்த ஏரி என்றுதான் கேட்கிறார்கள். மலையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கணுக்கால் பிசகி யாரும் சாவதில்லை. பிசகிய காலோடு, ஆள் வரும்வரை குளிரில் அசையாமல் கிடக்கும் அந்தச் சில மணி நேரம்தான் உயிருக்கு உலை வைக்கும். அந்த நேரத்துக்காகத் தயாராகிப் போங்கள்.

1. பாதையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் அடையாளம் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், பிடிமானமுள்ள பூட்ஸ் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை பழகியவர்களுக்கு மட்டும். நீங்கள் அதில் கால் வைக்கவே வேண்டாம். வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. வயதானவர்கள் கூட வந்தால் இன்னொரு பாதி சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. கிரிண்டெல்வால்டுக்கு மேலே ஃபர்ஸ்ட் வரை கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து பாகால்ப் ஏரிக்கு நடப்பது பலருக்கும் பிடித்த வழி. சுலபமான வழிதான். ஆனால் ஏரி இருப்பது 2,265 மீட்டர் உயரத்தில். கீழே இருக்கும் இன்டர்லாக்கன் ஊர் 570 மீட்டர் அளவில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கீழே 20 என்றால் மேலே 10தான், காற்றடித்தால் இன்னும் கடுமை. நடக்கும்வரை இது தெரியாது. விழுந்து உட்கார்ந்ததும் வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை இழுத்துவிடும். வெயிலடிக்கும் ஜூலையிலும் பையில் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, குல்லா, மாற்றுச் சட்டை, உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் போர்வை, விசில், டார்ச், பவர் பேங்க் இருக்கட்டும். அடிபட்டவரை வெறும் தரையில் விடாதீர்கள். காலிப் பையையாவது கீழே போடுங்கள். சூடேற்றுகிறேன் என்று பிராந்தி கொடுக்காதீர்கள். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ள சூடும் வெளியேறிவிடும்.

3. சீக்கிரம் கூப்பிடுங்கள். ‘சின்ன அடிதானே, எதற்கு ஊரைக் கூட்டுவது’ என்று நொண்டிக்கொண்டே இறங்கப் பார்ப்பது நம் வழக்கம். அதற்குள் பொழுது சாயும், மேகம் இறங்கும். மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர் வர முடியாமல் போகலாம். மீட்பவர்கள் நடந்துதான் ஏறி வரவேண்டும். உதவி கேட்பதில் வெட்கம் எதற்கு? 1952-இல் தொடங்கி, பெரும்பாலும் மக்கள் தரும் பணத்தில் நடக்கும் ‘ரேகா’ வான்மீட்பு அமைப்பின் எண் 1414. செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தில் 144. எதுவும் நினைவில்லையா, 112 போதும். ரேகாவின் செயலியை ஊரிலேயே இறக்கிக்கொண்டால் நீங்கள் இருக்கும் இடத்தை அதுவே அனுப்பிவிடும். எங்கே, என்ன ஆயிற்று, எத்தனை பேர், வானிலை எப்படி, பக்கத்தில் மின்கம்பியோ கேபிளோ உண்டா என்று சொல்லுங்கள். பிறகு ஊருக்குப் போன் போட்டு அழாதீர்கள். மீட்பவர்கள் திரும்ப அழைப்பார்கள், லைன் காலியாக இருக்கவேண்டும்.

4. சிக்னல் இல்லையென்றால் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஆறு. இரவில் டார்ச் வெளிச்சம். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள்.

5. ஹெலிகாப்டர் தெரிந்ததும் இரண்டு கைகளையும் மேலே விரித்து உயர்த்துங்கள். ‘உதவி வேண்டும்’ என்பதற்கு அதுதான் சைகை. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’ என்றாகிவிடும். துப்பட்டா, தொப்பி, போர்வை எதுவும் பறக்கக்கூடாது. குனிந்து உட்காருங்கள். ஹெலிகாப்டரில் வருபவர்கள் கைகாட்டாமல் ஓர் அடிகூட நெருங்காதீர்கள். உற்சாகத்தில் ஓடிப்போகும் ஆட்களை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

6. எலும்பை இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்திலோ முதுகிலோ வலி என்றால், கல் உருளும் ஆபத்து இருந்தாலொழிய நகர்த்தக்கூடாது.

7. ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். தேடுதல், மீட்பு, ஹெலிகாப்டர், மலைநடை, உயர வரம்பு ஆகியவற்றைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி விடாமல் படியுங்கள். பக்கத்து பிரான்சில் மலைமீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. சுவிஸில் பில் வரும். பாலிசி எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கூட வருபவரிடமும் கொடுங்கள்.

8. மாவுக்கட்டோடு உடனே விமானம் ஏறமுடியாது. வீக்கம் கூடும் என்பதால், கட்டுப்போட்டு இரண்டு நாள் ஆகாவிட்டால் கட்டைப் பிளந்துவரச் சொல்வார்கள். மருத்துவர் கடிதமும் கேட்பார்கள். டிக்கெட்டை மாற்றும் முன் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்து, மருத்துவமனைச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.