கூட்டு நிதியும் கூர்ந்த பார்வையும்

ஒரு கணினி விளையாட்டை உருவாக்குவதற்கு ஓவியர், இசையமைப்பாளர், நிரலாளர் எனப் பலரின் உழைப்பு வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் அதற்கான முதல் உண்டு. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து முயல்வோர் என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் கைகொடுப்பதே இணையவழிக் கூட்டு நிதி திரட்டலாகும். சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கிணங்க, ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு சிறு தொகை தந்து உதவுகின்றனர்.

இம்முறையில் பெயர்பெற்ற அமெரிக்கத் தளம் கிக்ஸ்டார்ட்டர். இது 2009இல் ஆரம்பிக்கப்பட்டது. குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேர்ந்தால் மாத்திரமே இங்கு பணம் அறவிடப்படும். 2012இல் டபிள் பைன் என்ற நிறுவனம் 400,000 டொலர் கேட்டு, 33 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது. தேன் உள்ள இடத்தை ஈக்களும் தேடி வரும் அல்லவா?

அதே ஆண்டில் ‘மித்திக்’ என்னும் விளையாட்டுக்காக 80,000 டொலர் கோரப்பட்டது. புகழ்பெற்ற விளையாட்டுகளில் பணியாற்றிய அனுபவசாலிகள் தம்மிடம் இருப்பதாக அக்குழு கூறியது. சிலர் துருவிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. ஓவியங்கள் பிறர் வரைந்தவை. அலுவலகப் படங்கள் வேறொரு நிறுவனத்துடையவை. இலக்கை எட்டுமுன்னரே கோரிக்கை கைவிடப்பட்டதால் எவருடைய பணமும் பறிபோகவில்லை.

இலக்கு எட்டப்பட்ட பின்னரோ நிலைமை வேறு. வாக்களித்த பொருள் வந்துசேரும் என்பதற்குத் தளம் உத்தரவாதம் தருவதில்லை. பலகை விளையாட்டொன்றுக்காக 122,000 டொலருக்கு மேல் திரட்டிய ஒருவர், அதில் பெரும்பகுதியை வீட்டு வாடகை போன்ற சொந்தத் தேவைகளுக்குச் செலவிட்டதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2015இல் வழக்குத் தொடுத்தது. கூட்டு நிதி தொடர்பில் அவ்வாணைக்குழு எடுத்த முதல் நடவடிக்கை அதுவே.

இவற்றைப் படித்தபோது மூன்று வினாக்களை நான் குறித்துக்கொண்டேன்.

முதலாவது, கேட்பவர் யார்? அவர் முன்னர் செய்து முடித்த வேலை ஏதும் உண்டா?

இரண்டாவது, காட்டப்படுவது அவருடையதுதானா? ஒரு படத்தைக் கூகுளின் படத் தேடலில் இட்டால், அது வேறெங்கு உள்ளதென்பதைப் பெரும்பாலும் அறியலாம். அழகிய ஓவியங்களைவிட, விளையாட்டு இயங்குவதைக் காட்டும் காணொளியே வலுவான சான்று.

மூன்றாவது, கேட்கும் தொகையும் காலமும் வாக்குறுதிக்குப் பொருந்துகின்றனவா? பத்துப் பேர் ஈராண்டு உழைக்க வேண்டிய வேலையைச் சொற்பத் தொகையில் ஆறே மாதத்தில் முடிப்பதாகக் கூறினால் ஐயம் கொள்வது முறையே.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. தோல்வி வேறு, மோசடி வேறு. நேர்மையாக உழைத்தும் செலவைக் குறைத்துக் கணித்ததால் இடையில் நின்றுபோனவர்கள் பலர். தாமதத்தை மட்டும் வைத்து ஒருவரைக் கள்வர் என்பது அநீதி. பணம் எங்கே சென்றது என்பதை அவர் மறைக்கிறாரா, வெளிப்படையாகச் சொல்கிறாரா என்பதே இருவரையும் பிரித்தறியும் கோடு.

தோழியரே, ஒரு போலிக் கோரிக்கை பணத்தை மட்டும் பறிப்பதில்லை. அடுத்து வரும் உண்மையான கலைஞர் மீதுள்ள நம்பிக்கையையும் பறிக்கிறது. ஆகவே விசாரித்துக் கொடுப்போம். கொடுக்கத் தகுந்தவருக்குத் தயங்காது கொடுப்போம்.