அஜீரணம்: கைமருந்தும் மருத்துவமும்

சென்னை மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டிக் கடைக்குத் தீபாவளி நெருங்கினால் லேகியச் சரக்கு வாங்க மக்கள் திரள்வர். அதே பகுதியில் 1905-ஆம் ஆண்டில் வி. கிருஷ்ணசாமி ஐயர் வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவினார். நகரவாசிகளும் நாட்டு மருத்துவத்தைக் கைவிடவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

விருந்துண்டபின் தோன்றும் வயிற்றுப் பொருமலுக்குச் சுக்கும் சீரகமும் ஓமமும் இட்டுக் காய்ச்சிய நீர் இதம் தரும். அடுத்த வேளை உணவைக் குறைத்தலும் நன்று. நெஞ்செரிச்சல் நீடித்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

வயிற்றுப்புண்ணோ வேறு வகை. அதற்கு முக்கிய காரணமான ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வாரன், மார்ஷல் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1982-இல் கண்டறிந்து, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். கஷாயத்தை நம்பி இக்கிருமியை விட்டுவைத்தல் கூடாது. மருத்துவர் குறிக்கும் மருந்துகளைக் குறித்த நாள்வரை உட்கொள்ளல் வேண்டும். உடல்வலிக்கென அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்கும்.

கீழ்க்கண்ட குறிகளுள் ஒன்று தோன்றினும் ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகுக:

1. மலம் கருமையாதல், இரத்த வாந்தி.
2. உணவை விழுங்குவதில் தடை.
3. காரணமின்றி உடல் மெலிதல்.
4. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி.

மார்பை அழுத்தும் வலியும் வியர்வையும் சேர்ந்து வந்தால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காத்திருத்தல் ஆகாது. அது மாரடைப்பாக இருக்கலாம். 108 ஊர்தியை அக்கணமே அழைத்தல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பின் உயிர்கள் காக்கப்படும்.