கொதிநீர் ஏன் போதாது?

மாணவர்களே, பல் மருத்துவர் ஓர் உறையைப் பிரித்துக் கருவிகளை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேற்று வேறொருவரின் இரத்தம் பட்ட அதே கருவி இன்று உங்கள் வாய்க்குள் வரலாம். இடையில் அதற்கு என்ன நடந்தது?

கொதிநீரில் போட்டு எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 100 டிகிரி செல்சியசில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் இறந்துவிடும். ஆனால், டெட்டனஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியா போன்ற சில வகைகள் ‘ஸ்போர்’ எனும் தடித்த உறைக்குள் ஒடுங்கி உறங்கும். ஸ்போர்கள் கொதிநீரையும் தாங்கக்கூடியவை. காயத்திற்குள் புகுந்தால் மீண்டும் விழித்துக்கொள்ளும். தொப்புள்கொடியைச் சுத்தமற்ற கத்தியால் வெட்டும்போது பச்சிளங்குழந்தைக்கு டெட்டனஸ் வருவது இப்படித்தான்.

நோய்க்கிருமிகளைப் பெருமளவு குறைப்பது தொற்று நீக்கம். ஸ்போர் உட்பட எல்லா நுண்ணுயிர்களையும் அழிப்பது முழுமையான கிருமி நீக்கம். தோலின்மேல் மட்டும் படும் ஸ்டெதஸ்கோப்பை ஆல்கஹாலால் துடைத்தால் போதும். உடலுக்குள் செல்லும் கத்திக்கும் ஊசிக்கும் முழுமையான கிருமி நீக்கம் தேவை.

அதற்கான கருவி ஆட்டோகிளேவ். 1879இல் பிரான்சைச் சேர்ந்த சார்ல்ஸ் சாம்பர்லாந்து இதை உருவாக்கினார். வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம்தான் இதிலும். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 2 மடங்கில் நீராவி 121 டிகிரியை எட்டும். அந்த வெப்பத்தில் 15 நிமிடங்களில் ஸ்போர்களும் அழியும்.

உலர்ந்த சூடான காற்றுக்கோ 160 டிகிரியில் சுமார் 2 மணி நேரம் வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? நீராவி கருவியின்மேல் பட்டு நீராக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விடுகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து கிருமியின் புரதங்களை விரைவில் சிதைக்கின்றன.

ஆனால் ஒரு நிபந்தனை: நீராவி கருவியைத் தொட வேண்டும். காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தால் கிருமிகள் அதனடியில் தப்பலாம். அதனால்தான் முதலில் தேய்த்துக் கழுவுகிறார்கள்.

உறையிலுள்ள குறி நிறம் மாறினால், அது ஆட்டோகிளேவுக்குள் சென்று வந்தது என்று மட்டுமே பொருள். கிருமிகள் இறந்தனவா என்று அறிய, வெப்பத்தை நன்கு தாங்கும் ஸ்போர்களைச் சிறு குப்பியில் உடன் வைத்து, பின்னர் வளர்த்துப் பார்ப்பார்கள். எதுவும் வளராவிட்டால் ஆட்டோகிளேவ் தேர்ச்சி பெற்றது!

சிந்தியுங்கள்: கருவி உறையின் ஒரு பக்கம் நெகிழியாக இருந்தாலும் மறுபக்கம் காகிதமாக இருப்பது ஏன்? நீராவி செல்லும் வழியை நினைத்தால் விடை கிடைக்கும்.